பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கில் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறதா? கோளாறைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கில் ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டு எரியத் தொடங்கினால், பெரும்பாலானோரின் கை முதலில் கார்புரேட்டரை நோக்கித்தான் போகிறது. நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். ஒரே வாரத்தில் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் ஊதி, ஃப்ளோட்டின் உயரத்தை அளந்து மாட்டிய பிறகும் இடப்பக்கம் மிஸ் ஆகிக்கொண்டே இருந்தது. கோளாறு பிளக் கேப்புக்குள், அதாவது ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டும் மூடிக்குள், இருந்த ரெசிஸ்டரில் இருந்தது. இரு பக்கக் கேப்புகளையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு முறையையே பின்பற்றுகிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாக ஓடுகிறது என்றால், சோதனைக்குத் தேவையான சரியான பாகம் ஒவ்வொன்றும் ஏற்கெனவே வண்டியிலேயே இருக்கிறது. சந்தேகப்படும் பாகத்தை மறுபக்கத்துக்கு மாற்றிப் போட வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் அந்தப் பாகம்தான் குற்றவாளி, மாறாவிட்டால் அது நிரபராதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும், மாற்றியதை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இந்த முறையின் உயிர். ஒற்றைச் சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுதான். ஒப்பிடுவதற்கு நல்ல பாகங்களை மட்டும் வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும்.

அது உண்மையிலேயே மிஸ்ஃபயர்தானா?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஐடிலிலும், சரிவில் ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் எரிவதில்லை. கார்புரேட்டரின் ஸ்லைடு (ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது எழும் அடைப்பு) சிறிதளவே திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் வரும் புதுக் கலவை குறைவு; முந்தைய சுற்றின் எரிந்த வாயு பெரும்பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் ஒரு சுற்றில் தீப்பொறி வந்தும் கலவை பற்றாமல் போய், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் புதுக் கலவை சேர்ந்த பின்னரே எரிகிறது. காதுக்கு இது மிஸ்ஃபயர் போலவே கேட்கும். ஆனால் சுமை ஏறியவுடன், அதாவது கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரைத் திறந்தவுடன், இந்த விட்டுவிட்டு எரிதல் மறைந்து சத்தம் சீராகிவிட்டால் அங்கே பழுது எதுவும் இல்லை. பாதி ஆக்ஸிலரேட்டரில், சுமையோடு ஓடும்போதும் ஒரு பக்கம் எரியாமல் போவதே நாம் தேடும் கோளாறு.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது: சைலன்சரின் எண்ணிக்கையும் சிலிண்டரின் எண்ணிக்கையும் எப்போதும் ஒன்றல்ல. ஜாவா 353 போன்ற பழைய 250 சிசி வண்டிகளில் இரண்டு புகைக்குழாய்கள் இருந்தாலும் சிலிண்டர் ஒன்றுதான். சுசூகி ஜிடி380 வண்டியில் மூன்று சிலிண்டர்களுக்கு நான்கு சைலன்சர்கள். நடுச் சிலிண்டரின் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சைலன்சரில் புகை குறைவாக வருகிறது என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்தச் சிலிண்டர் என்று உறுதிசெய்தல்

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டரிலிருந்து புகைக்குழாய் வெளிவரும் இடத்தில் இரு பக்கமும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரியும் பக்கத்தில் தண்ணீர் உடனே சீறி ஆவியாகும். எரியாத பக்கத்தில் வழிந்து ஓடும். கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஒரு தழும்போடு முடியக்கூடும், ஆகவே வேண்டாம். கதவு மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடவும் வேண்டாம்.

வேகத்தில் மட்டும் மிஸ் ஆகும் வண்டியில் இந்தச் சோதனை பயன்படாது. அப்போது ஒவ்வொரு சிலிண்டரையும் வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு உதிரிப் பிளக்கை மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடல் எஞ்சினை நன்றாகத் தொடும்படி கம்பியால் கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல பக்கத்தை நிறுத்தும்போது எஞ்சின் தடுமாறும் அல்லது நின்றுவிடும். கெட்ட பக்கத்தை நிறுத்தினால் சத்தத்தில் பெரிய மாற்றம் இருக்காது. உதிரிப் பிளக் ஏன் அவசியம் என்றால், கேப்பைத் திறந்தபடி தொங்கவிட்டு எஞ்சினைச் சுழற்றினால் போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் அதை உண்டாக்கும் காயிலின் உள் காப்பைத் துளைத்துவிடலாம், சிடிஐ (மின்னணு இக்னிஷன் பெட்டி) உள்ள வண்டிகளில் அந்தப் பெட்டியையே எரித்தும் விடலாம். இருந்த ஒரு கோளாறைத் தேடப் போய் இன்னொன்றை நாமே உண்டாக்கக்கூடாது.

மிஸ்ஃபயர் ஒரு முறை இடதிலும் மறுமுறை வலதிலும் வந்தால், அல்லது இரு பக்கமும் ஒன்றாக வந்தால், தனித்தனிப் பாகங்களை விட்டுவிட்டு இரண்டுக்கும் பொதுவானவற்றைப் பாருங்கள்: பேட்டரியின் மின்னழுத்தம், சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், ஃப்ரேமுக்குப் போகும் எர்த் இணைப்பு, பெட்ரோல் டேப், டேங்க் மூடியின் காற்றுத் துளை.

பிளக்கைப் படித்தல்

கெட்ட பக்கம் எது என்று தெரிந்ததும் இரண்டு பிளக்குகளையும் கழற்றி அருகருகே வைத்துப் பாருங்கள். ஈரமாகப் பெட்ரோல் வாசனையோடு இருந்தால் கலவை வந்தும் எரியவில்லை என்று பொருள். முதல் சந்தேகம் தீப்பொறி மீது. முழுக்க உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. உலர்ந்த கரி தூள்போல் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான கறுப்பு எண்ணெய் என்றால் ஆயில் பம்ப் அல்லது கியர்பாக்ஸ் பக்கக் கிராங்க் சீலை (கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பீங்கான் பகுதி வெள்ளைவெளேரென்று இருந்தால் பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகம் போகிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பீங்கானில் வெள்ளி நிறத்தில் மிகச் சிறு மணிகள் தெரிந்தால் அவை பிஸ்டனிலிருந்து உருகிவந்த அலுமினியம். வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக்குக்கே உரிய ஒரு காட்சியும் உண்டு. பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே தலைமுடி போன்ற ஒரு கரிக்கம்பி பாலமாக நின்று, தீப்பொறியே வராமல் செய்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், பிளக்கைக் கழற்றும் அசைவிலேயே அந்தப் பாலம் உதிர்ந்துவிடலாம்; மறுபடி மாட்டினால் வண்டி ஒழுங்காக ஓடும், நாமும் எதையோ சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். புதிய பிளக் என்பதாலேயே அதை நம்பிவிட வேண்டாம். ஒருமுறை எண்ணெயில் நன்றாக ஊறிய பிளக், துடைத்த பிறகு வெளியே தீப்பொறி காட்டினாலும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தோற்றுப் போவது சாதாரணம். வெப்ப எண்ணையும் கவனியுங்கள்: என்ஜிகே பிளக்குகளில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை. 7 போட வேண்டிய எஞ்சினில் 9 போட்டு ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் கரி எரிந்து போக வழியின்றிப் படிந்துகொண்டே இருக்கும்.

பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன்

கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தம்; இதை அளப்பதைக் கடைசிக்கு ஒத்திப்போடும் வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல; பிளக் ஏற்கெனவே வெளியே இருக்கிறது, வேலை பத்து நிமிடம்தான். இரண்டு கேப்புகளையும் பிளக்கோடு எஞ்சினில் எர்த் செய்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து, பிளக் துளையில் மாட்டிய அழுத்தக் கேஜின் முள் மேற்கொண்டு ஏறாமல் நிற்கும் வரை கிக் செய்யுங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய எஞ்சின்கள் பலவும் 100 முதல் 150 பிஎஸ்ஐக்குள் காட்டும். கேஜுக்குக் கேஜ் அளவு மாறும் என்பதால் தனி எண்ணைவிட இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். அது 10 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

குறைவாகக் காட்டும் பக்கத்தில் ஹெட்டை உடனே கழற்றத் தேவையில்லை. புகைக்குழாயை மட்டும் கழற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் நீளக் கீறல்கள் இருக்கின்றனவா, ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது நேராகத் தெரியும். மரக்குச்சியால் ரிங்கை லேசாக அழுத்தினால் அது உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த வசதி கிடையாது.

தீப்பொறியின் பாதை

பாயின்ட் (திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் சிறு சுவிட்ச்) உள்ள இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பொதுவாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பாயின்ட், அதில் பொறி பறப்பதை அடக்கும் கண்டென்சர், காயில், ஒயர், கேப், பிளக் என்று ஒரு சங்கிலி இருக்கும். இந்தச் சங்கிலியைப் பிளக்கிலிருந்து பின்னோக்கிச் சோதிப்பதே எளிது.

தீப்பொறியைக் கண்ணால் பார்க்க, பிளக்கை எஞ்சினில் அழுத்திப் பிடித்து மற்றவரைக் கிக் செய்யச் சொல்லுங்கள். ஆனால் பிளக் துளைக்கு அருகே வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே பீச்சும். நீல நிறத்தில் சடக்கென்று ஒலிக்கும் தீப்பொறி நல்லது. மெலிந்த ஆரஞ்சு நிறம் நல்லதல்ல. திறந்த வெளியில் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவது எளிது, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டுவது கடினம். அதனால் 6 அல்லது 7 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த சோதனைக் கருவியில் தீப்பொறி தாண்டுகிறதா என்று பார்த்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு ஒயரைப் பார்த்தாலும் பயன் உண்டு. காப்பு வெடித்த இடத்தில் சிறு நீலக் கோடுகள் ஓடும்.

கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் ரெசிஸ்டர் உள்ள கேப் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். பல ஆண்டுகள் வெப்பத்தில் இருந்த கேப்புகள் இருபது, முப்பது கிலோ ஓம் என்று ஏறியிருப்பதையும், சில முழுதாக அறுந்திருப்பதையும் பார்க்கலாம். ஒயரின் நுனியில் 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் கேப்பைத் திருகுங்கள். பச்சை பிடித்த செம்பு பல மிஸ்ஃபயர்களுக்குக் காரணம்.

அடுத்தது காயில். இங்கே மாற்றும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாயின்டிலிருந்து காயிலுக்கு வரும் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றினால் தீப்பொறி தவறான சிலிண்டருக்குத் தவறான நேரத்தில் போகும். ஆகவே காயிலின் இரு முனைகளையும் மாற்ற வேண்டும்: இடப் பாயின்டின் ஒயர் வலக் காயிலுக்கு, அந்த வலக் காயிலின் பிளக் ஒயர் இடப் பிளக்குக்கு; மறுபக்கமும் அவ்வாறே. ஒயர் எட்டாவிட்டால் காயில்களையே கழற்றி இடம் மாற்றுங்கள். கோளாறு மறுபக்கத்துக்குப் போனால் காயிலோ அதன் ஒயரோ கெட்டிருக்கிறது. பத்து இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகே மிஸ் ஆகி, ஆறியதும் சரியாகிவிடும் வண்டியில் இந்தச் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். குளிர்ந்த காயில் மீட்டரில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

கோளாறு இடம் மாறவில்லை என்றால் பாயின்டும் கண்டென்சரும் மிச்சம். எஞ்சின் ஓடும்போது பாயின்ட் முனைகளில் பெரிய நீலப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. ஒரு முனையில் குழியும் மறு முனையில் மேடும் உண்டாகியிருப்பதும் அதையே காட்டுகிறது. பாயின்ட் முனைகளை மெல்லிய அரத்தால் சமன் செய்து, பெட்ரோலில் நனைத்த சுத்தமான காகிதத்தை நடுவில் வைத்து இழுத்து எண்ணெயை நீக்குங்கள். பாயின்ட் அறையே எண்ணெயில் நனைந்திருந்தால் கிராங்க் சீலைப் பற்றி அது இப்போதே ஒரு செய்தி சொல்கிறது.

பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (தீப்பொறி வரும் நேரம்) மாறும் என்பதால் முதலில் இடைவெளி, பிறகு டைமிங் என்ற வரிசை மாறக்கூடாது. யமஹா ஆர்டி350 போன்ற வண்டியில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், பாயின்ட் திறக்க வேண்டிய இடம் பிஸ்டன் மேல் எல்லையை எட்டுவதற்கு 2.0 மில்லிமீட்டர் முன்பு. வேறு வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டு அளவே செல்லும். பிளக் துளையில் டயல் கேஜ் மாட்டி, ஒரு சோதனை விளக்கால் பாயின்ட் திறக்கும் கணத்தைப் பிடித்து, இரு சிலிண்டர்களையும் தனித்தனியே அமைக்க வேண்டும். பாயின்ட்கள் பொருத்தியுள்ள அடித்தட்டை நகர்த்தினால் இரண்டு டைமிங்கும் சேர்ந்து நகரும் அமைப்பு என்றால், அடித்தட்டுக்குரிய சிலிண்டரை முதலில் முடித்த பிறகே துணைத்தட்டில் உள்ளதைத் தொட வேண்டும்.

பெட்ரோலின் பக்கம்

தீப்பொறி குற்றமற்றது என்று தெரிந்த பிறகே கார்புரேட்டர். ஜாவா 350 போல இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஒரு பக்கம் மட்டும் மிஸ் ஆனால் கார்புரேட்டரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பகுதியைத் தாண்டிக் காற்றுக் கசிவுக்குப் போய்விடுங்கள்.

தனித்தனிக் கார்புரேட்டர்கள் இருந்தால், ஆக்ஸிலரேட்டரின் எந்த நிலையில் மிஸ் ஆகிறது என்பதே வழிகாட்டி. ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை என்றால் பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும். நடுப்பகுதி என்றால் நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். முக்கால் பங்குக்கு மேல் என்றால் மெயின் ஜெட்டும் பெட்ரோல் வரத்தும். பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது. அதில் இரும்புக் கம்பியை விட்டால் துளை பெரிதாகிப் புதிய கோளாறு பிறக்கும், கரைப்பானும் காற்றும் போதும். ஃப்ளோட் பவுலின் அடியில் தண்ணீர்க் குமிழ்கள் உருள்கின்றனவா என்றும் பாருங்கள்.

மிகுனி விஎம் வகைக் கார்புரேட்டரில் பலர் தவறவிடும் இடம் சோக் பிளஞ்சர். அதன் அடியிலுள்ள சிறு ரப்பர் தேய்ந்தாலோ, கேபிள் இறுக்கமாகிப் பிளஞ்சர் முழுதாக அமராமல் போனாலோ, அந்தப் பக்கச் சிலிண்டருக்கு எந்நேரமும் கூடுதல் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். பிளக் கறுத்துக்கொண்டே வரும், ஜெட்டை எவ்வளவு சிறிதாக்கினாலும் குறையாது. அதேபோல் இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்று காற்று வரும் வாயில் விரலை வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒரு கேபிள் தளர்ந்திருந்தாலே ஒரு பக்கம் சோம்பலாக ஓடும், அது மிஸ்ஃபயர் போலத் தோன்றும்.

ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்கள்) உள்ள எஞ்சின் என்றால் கார்புரேட்டரைக் கழற்றியபோதே அதையும் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இதழ்களுக்கு இடையே ஒளிக்கோடு தெரிந்தாலோ ஒரு மூலை உடைந்திருந்தாலோ கலவை திரும்பிக் கார்புரேட்டர் வழியாகத் துப்பும். உடைந்த துண்டு எங்கே போனது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும்.

காற்றுக் கசிவும் கிராங்க் சீலும்

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் வெறும் உறையல்ல, அதுவே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அது கலவையை உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு பக்கமும் தன் தனி அறையில் இயங்குவதால், ஒரு அறை கசிந்தால் அந்தச் சிலிண்டர் மட்டுமே தடுமாறும். முப்பது நாற்பது ஆண்டு பழைய ரப்பர் சீல்கள், குறிப்பாக நெடுங்காலம் நிறுத்தி வைத்த வண்டியில், கல்போல் இறுகிப் போயிருக்கும்.

மேக்னெட் அல்லது பாயின்ட் பக்கச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வருகிறது: ஐடில் தானாக ஏறும், ஆக்ஸிலரேட்டரை மூடினாலும் வேகம் இறங்கத் தயங்கும், பிளக் வெளுக்கும். பெரிய ஜெட் போட்டு இதை மறைத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கசிவு வளர வளர அந்த ஏமாற்று ஒருநாள் பிஸ்டனில் முடியும். கியர்பாக்ஸ் பக்கச் சீல் கசிந்தால் அறிகுறி நேர்மாறு: கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு அந்தப் பக்கச் சைலன்சரில் அடர்ந்த புகை வரும், பிளக் எண்ணெயில் ஊறும், கியர்பாக்ஸின் அளவு காரணமின்றிக் குறையும். சில வேளைகளில் எதிர்த்திசையிலும் கசிந்து கியர் ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கும்.

நிறுத்தி வைத்த பின் முதல் ஸ்டார்ட்டில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் புகைந்து, சிறிது தூரம் ஓடியதும் தெளிந்துவிட்டால், சீலுக்கு முன்பு ஆயில் பம்பிலிருந்து வரும் குழாயின் செக் வால்வை (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) சந்தேகியுங்கள். அது மூடாவிட்டால் நிற்கும்போதே ஆயில் சொட்டுச் சொட்டாகக் கிராங்க்கேஸில் இறங்கும். அந்தக் குழாயைக் கழற்றினால் காற்றுக் குமிழ் முழுதாகப் போகும் வரை டேங்கில் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றியே ஓட்ட வேண்டும்.

உறுதியான விடை அழுத்தச் சோதனையில்தான் கிடைக்கும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளின் மேல் ஏதேனும் தெளித்துப் பார்க்கும் குறுக்கு வழி தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது. உட்பக்கச் சீலை அது காட்டவும் செய்யாது. கார்புரேட்டர் மாட்டும் ரப்பர் மூக்கையும் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் இறுக அடைத்து, பிஸ்டனைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் சுமார் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதற்கு வெகுவாக மேலே போனால் நல்ல சீலே பிதுங்கலாம். ஆறு நிமிடம் முள் அசையாமல் நிற்பது நல்ல எஞ்சின். இறங்கினால் சிலிண்டர் அடி கேஸ்கெட், ரப்பர் மூக்கு, மேக்னெட் பக்கச் சீல் ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழைத் தேடுங்கள். வெளியே குமிழே இல்லை என்றால் கியர்பாக்ஸின் காற்றுக் குழாயில் பாருங்கள். அங்கேயும் இல்லாமல், மறு சிலிண்டரின் அறைக்குள் காற்று போனால் இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள சீல் போயிருக்கிறது. அதற்குக் கிராங்க்கையே பிரிக்க வேண்டும், அது வேறொரு பெரிய வேலை.

சைலன்சரைப் பற்றிச் சுருக்கமாக: இரு பக்க வாயிலிலும் கையைச் சற்றுத் தள்ளி வைத்துக் காற்றின் வீச்சை ஒப்பிடுங்கள். ஒன்று மந்தமாக இருந்தால் உள்குழாய்களை இடம் மாற்றிப் போடுங்கள். கரி அடைத்த சைலன்சர் ஐடிலை விட்டுவிட்டு வேகத்தில்தான் மூச்சை அடைக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

பழுதைச் சரிசெய்த பின் இரு பக்கமும் புதிய பிளக் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். பிறகு போக்குவரத்தில்லாத நேரான சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் சிறிது தூரம் போய், கில் சுவிட்சையும் கிளட்சையும் ஒரே நேரத்தில் இயக்கி நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஐடிலில் ஓட்டிவந்து நிறுத்தினால் அந்தக் கரி மேலே படிந்து உண்மையை மறைத்துவிடும். இக்காலப் பெட்ரோலில் பீங்கானின் நுனி எளிதில் நிறம் மாறுவதில்லை. அது உள்ளே உலோகத்தோடு சேரும் அடிப்பகுதியில் ஒரு பழுப்பு வளையம் தெரியும், அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பிளக்கிலும் அந்த வளையம் ஒரே அகலத்திலும் ஒரே நிறத்திலும் இருந்தால் கருவிகளை எடுத்து வைக்கலாம். ஒன்றில் வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால் மறுபடி அழுத்தச் சோதனைக்குத் திரும்புங்கள், அதுவரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.